விதை நெல்லும் பி.எஃப் பணமும்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் முறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்துவிட்டான். வேறு வேலை தேடுகிறான். அவனுடைய பி.எஃப் பணத்தை மொத்தமாக எடுத்து போர்வெல் போடலாம் என்றிருக்கிறோம். நிரந்தரம் இல்லாத வேலைக்குப் பென்ஷன் எல்லாம் வரவா போகிறது?

- வாசகர், தருமபுரி மாவட்டம்.

பதில்: வரும். அதை நாமே கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் வரும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமக் கூட்டத்தில் 57 வயதுக்காரர் ஒருவர் என்னிடம் பேசினார். நான்கு மில்களில் மொத்தம் 13 வருடம் வேலை பார்த்தவர். ஒவ்வொரு மில்லை விட்டு வரும்போதும் எல்லாப் பணத்தையும் எடுத்துவிட்டார். கடைசி மில்லில் பார்த்த 3 வருடம் மட்டுமே இப்போது கணக்கில் நிற்கிறது. பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும். அவருக்கு நான் சொல்ல வழி எதுவும் இல்லை. உங்கள் மகனுக்கு இருக்கிறது.

பி.எஃப் பிடிக்கும் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மகனிடம் 12 சதவிகிதம், அதாவது 1,800 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே 1,800 போடுகிறார். அதில் 1,250 ரூபாய் பென்ஷன் கணக்குக்கும், மீதி 550 பி.எஃப் கணக்குக்கும் போகிறது. ஆக, ஒரே சம்பளத்தில் இரண்டு கணக்குகள். பலருக்கு இது தெரிவதில்லை.

பென்ஷனுக்கான 10 வருடம் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று கூட்டிக்கொள்ளலாம். இடையில் வேலை இல்லாத காலம் இருந்தாலும் பாதகமில்லை. 15,000 ரூபாய் சம்பளத்தில் 10 வருடம் முடித்தவருக்கு 58 வயதில் மாதம் சுமார் 2,140 ரூபாய் வரும். 30 வருடம் முடித்தால் 6,400-க்கு மேல் வரும். பென்ஷன் கணக்கை எடுத்தால் அதுவரை சேர்ந்த வருடங்கள் அழிந்துவிடும்.

எனவே மகன் செய்ய வேண்டியவை:

1. புதிய கம்பெனியில் பழைய யு.ஏ.என் எண்ணையே கொடுக்கவும். புதிதாக வாங்க வேண்டாம். பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துவிட்டதை உறுதி செய்துகொள்ளவும்.

2. பணம் எடுத்தே தீர வேண்டிய நிலை என்றால் பி.எஃப் கணக்குக்கான படிவம் 19 மட்டும் போதும். பென்ஷன் பணத்துக்கான படிவம் 10-சியைக் கொடுத்துப் பணம் கேட்க வேண்டாம். அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். வருடங்கள் பத்திரமாக இருக்கும்.

3. பி.எஃப் இல்லாத வேலைகளும் நடுவே வரும். அதற்காக வங்கியிலோ தபால் நிலையத்திலோ அடல் பென்ஷன் திட்டத்தில் இப்போதே சேரட்டும். 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் பெற, 22 வயதில் சேர்ந்தால் மாதம் 292 ரூபாய். 32 வயதில் சேர்ந்தால் 689. 40-க்கு மேல் சேர முடியாது. மாதாமாதம் கட்ட முடியாதவர்கள் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை கட்டலாம். வருமான வரி கட்டுபவர்கள் இதில் சேர முடியாது.

போர்வெல் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் வருமா என்று நிலத்தடி நீர் ஆய்வு செய்யாமல் துளை போட வேண்டாம். தண்ணீர் இருப்பது உறுதியானால், உங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் வசதி பற்றிக் கேளுங்கள். கடனை விளைச்சலில் அடைக்கலாம். மகனின் போன வருடங்களை எந்த விளைச்சலிலும் திரும்ப வாங்க முடியாது.

பஞ்சத்திலும் விதை நெல்லைத் தொடாமல் வைத்திருந்தவர்கள் நம் முன்னோர். மகனின் பென்ஷன் கணக்கும் அப்படித்தான். அதில் கை வைக்காதீர்கள்.