தேதி முதலா, வேலை முதலா?

வணிக நிறுவனம் ஒன்றில் கணினித் திட்டம் கவிழும்போது பழி முதலில் மென்பொருளின் தலையில் விழுகிறது. அடுத்து, அதை எழுதியவர்களின் தலையில். மேல்மாடி அறையில் அமர்ந்து கையொப்பமிட்டவர்கள் வரை அது ஏறிச் செல்வது அபூர்வம். “எனக்குக் கணினியெல்லாம் தெரியாது” என்று சற்றுப் பெருமையுடனேயே சொல்லிக்கொள்ளும் உயரதிகாரிகள் உண்டு. தெரியவேண்டியதில்லைதான். கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியை எடுத்துக்கொள்வோம். 2015-இல் ஸ்பெயினின் சபடெல் வங்கி அதை வாங்கியது. அப்போதும் டிஎஸ்பியின் கணக்குகள் பழைய உரிமையாளரான லாயிட்ஸ் வங்கியின் கணினிகளிலேயே இருந்தன. அதற்கு ஆண்டுதோறும் பெருங்கட்டணம். ஆகவே 2017 நவம்பருக்குள் சபடெல்லின் அமைப்புக்கு மாறிவிடுவதென்று முடிவாயிற்று. தேதி முதலில் பிறந்தது. வேலை அதற்குள் திணிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், இது நடவாது என்று தெரிந்ததும், 2018-இன் முதல் காலாண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். பணிகளில் சில ஏழு மாதம் வரை பின்தங்கியிருந்தன. தள்ளிவைத்ததோ ஏறத்தாழ நான்கு மாதம். மீதி மூன்று மாதம் எங்கிருந்து வரும் என்று இயக்குநர் குழு கேட்கவில்லை என்கிறது, ஸ்லாட்டர் அண்ட் மே சட்ட நிறுவனம் 2019-இல் அளித்த விசாரணை அறிக்கை. இதைக் கேட்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

2018 ஏப்ரலில், ஒரே வார இறுதியில், சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களை இடம் மாற்றினார்கள். விநோதம் என்னவென்றால், கணக்கு விவரங்கள் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. அவற்றைத் திறந்து காட்டவேண்டிய அமைப்புதான் சரிந்தது. 19 லட்சம் பேர் தம் பணத்தைத் தாமே பார்க்க முடியாமல் நின்றார்கள். இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சோதனை நடந்திருந்தது பின்னர் வெளிப்பட்டது. வங்கி இயல்புநிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆயிற்று.

தாமதமும் செலவுதானே என்பார்கள். உண்மை. ஆனால் அவசரத்தின் விலையையும் அதே ஏட்டில் எழுதவேண்டும். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லெட் நிறுவனம் நான்காண்டுத் திட்டத்தை இரண்டரை ஆண்டாகச் சுருக்கி, ஹாலோவீன் பண்டிகைக்கான கொள்முதல் குவியும் 1999 ஜூலையில் புதிய அமைப்பைத் தொடங்கியது. கிடங்கில் சரக்கு இருந்தது, கடைக்குப் போகவில்லை. அக்காலாண்டில் லாபம் 19 சதவீதம் சரிந்தது. அதே நிறுவனம் 2002-இல் அவ்வமைப்பின் அடுத்த பதிப்புக்கு 11 மாதத்தில், திட்டமிட்ட செலவுக்கும் குறைவாக மாறிக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டிஎஸ்பிக்கு 2022 டிசம்பரில் 4.86 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த ஏப்ரலில் அதன் தகவல் தொழில்நுட்பத் தலைவருக்குத் தனியே 81,620 பவுண்டு. தாய் நிறுவனத்தின் கணினிப் பிரிவு ‘தயாராகிவிடுவோம்’ என்று தந்த உறுதியைத் ‘தயார்’ என்றே எடுத்துக்கொண்டது அவர் தவறு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மூன்று மாதக் கணக்கைக் கேட்காமல் தலையசைத்த மேசையில் அவர் ஒருவர் மட்டுமா அமர்ந்திருந்தார்?