எலிக்கு எதற்கு 1,200 அடி வேகம்?

ஏர் ரைபிள் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் விசாரிப்பது வேகத்தைத்தான். பெட்டியின் மேலேயும் அதையே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்: விநாடிக்கு 1,000 அடி, 1,200 அடி. கிடங்கு எலியை ஒழிக்க நினைப்பவருக்கு இதைவிடப் பயனற்ற தகவல் வேறில்லை. ஒலியின் வேகமே விநாடிக்குச் சுமார் 1,125 அடி. அதைத் தாண்டும் குண்டு, சாட்டையைச் சொடுக்கியதுபோல் படீரென்று சத்தம் எழுப்பிக்கொண்டு போகும். தாண்டாவிட்டாலும், அந்த வேகத்தை நெருங்கும்போதே இடை சிறுத்த ஈயக் குண்டு தள்ளாட ஆரம்பித்துவிடும். குறியும் போச்சு, அமைதியும் போச்சு.

இந்த வேக மோகத்துக்குச் சட்டமே கடிவாளம் போட்ட நாடு பிரிட்டன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறத்தாழ 16 ஜூல். 1969-இல் வந்த விதி இது. இந்த வரம்புக்குள் 4.5 மில்லிமீட்டர் குண்டு விநாடிக்குச் சுமார் 800 அடி போகும், கனமான 5.5 மில்லிமீட்டர் குண்டு 600 அடியைக்கூட எட்டாது. வேகத்தைக் காட்டி விற்க முடியாது என்றானபின் குழலின் நேர்த்தி, விசையின் மென்மை, சத்தக் குறைப்பு ஆகியவற்றில்தான் அங்கே விற்பனைப் போட்டி. வாங்குகிறவருக்கு அதனால் லாபமே.

அங்கே ஏர் ரைபிளுக்கு வேலையும் நிறைய இருக்கிறது. வட அமெரிக்காவின் சாம்பல் அணிலை 1876-இல் செஷயரில் உள்ள ஹென்பரி பூங்காவில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அது ஓக், பீச் மரங்களின் பட்டையை உரித்துக் காட்டைப் பாழாக்குகிறது. கூடவே, தனக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மை வைரஸைச் சுமந்து வந்து உள்ளூர்ச் சிவப்பு அணிலைக் கொல்கிறது. எலி விவகாரம் இன்னும் சிக்கலானது. வார்ஃபரின் விஷத்துக்கு மசியாத எலிகள் 1958-லேயே ஸ்காட்லாந்தில் தென்பட்டன. அதற்குமேல் வீரியமான விஷங்கள் வந்தன. எலியைத் தின்ற கூகையின் ஈரலில் அந்த விஷங்களின் எச்சம் சேர்ந்தது. கோழிக் கொட்டகையில் விஷத்துக்குப் பதில் ஏர் ரைபிளை எடுக்கும் பண்ணைக்காரரின் நியாயம் இதில் இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? ஸ்பிரிங் துப்பாக்கி விலை குறைவு, வேறு உபகரணம் வேண்டாம். ஆனால் விசையை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் பாய்கிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி பின்னால் உதைத்து முன்னால் குலுங்குகிறது. அதை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. முன்கட்டைக்கு அடியில் எப்போதும் ஒரே இடத்தில் உள்ளங்கையை வைத்து, அதன் போக்கில் குலுங்க விட வேண்டும். கை இரண்டு விரற்கடை தள்ளினால் குண்டு விழும் இடமும் மாறும். பொறுமைசாலிக்கு ஏற்ற கருவி. சத்தம் அதன் குறை. ஒலியில் பெரும்பகுதி இயந்திரத்திலிருந்தே எழுவதால் சைலன்சர் மாட்டியும் பெரிய பயனில்லை.

பி.சி.பி. எனப்படும் அழுத்தக்காற்று ரைபிளில் 200 பார் அளவுக்குக் காற்று முன்கூட்டியே உருளையில் அடைபட்டிருக்கும். உதை என்று சொல்ல எதுவும் இல்லை. முதல் குண்டு விழுந்த இடத்திலேயே பத்தாவதும் விழும். சத்தம் குழல் வாயில் பீறிடும் காற்றுதான் என்பதால் சைலன்சர் அதை ஏறக்குறைய விழுங்கிவிடும். எலி வேட்டையில் இது பெரிய சௌகரியம்: ஒன்று விழுந்ததும் வளைக்குள் ஓடியவை சீக்கிரமே திரும்பி வரும். உருளையை நிரப்பக் கைப்பம்போ, முக்குளிப்போர் பயன்படுத்துவது போன்ற சிலிண்டரோ வேண்டும் என்பதுதான் செலவு. 1803-இல் அமெரிக்காவின் மேற்கே புறப்பட்ட லூயிஸ்-கிளார்க் பயணக்குழுவே ஒரு காற்றுத் துப்பாக்கியைச் சுமந்து போனது. பம்பு அடிக்கும் சலிப்பு அவர்களுக்கும் இருந்திருக்கும்.

4.5-ஆ, 5.5-ஆ என்ற சண்டை ஓயாது. கொட்டகைத் தூரத்துக்கு 5.5 போதும், தூரம் கூடக்கூட, தாழாமல் நேராகப் போகும் 4.5 கைகொடுக்கும். குண்டுத் தேர்வு இதைவிட முக்கியம். ஒரே மாதிரியான இரண்டு ரைபிள்கள்கூட வெவ்வேறு குண்டைக் கேட்கும். நாலைந்து வகை டப்பாக்களை வாங்கி, 25 மீட்டரில் காகிதம் கட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பதே வழி. ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்க வேண்டும். எலியின் தலை அதைவிடப் பெரிதில்லை. குண்டுகள் அதற்குள் அடங்காதவர் அந்தத் தூரத்தில் உயிருள்ள எதையும் சுடக் கூடாது. காயத்தோடு வளைக்குள் போன எலி அங்கே கிடந்து வதைபட்டுச் சாகும்.

இந்தியாவில் வரம்பு 20 ஜூல். துளை 4.5 மில்லிமீட்டராக இருந்தால் அதற்குள் உரிமம் வேண்டாம். அதற்காக மகசூலில் கைவைக்கும் எதையும் சுடலாம் என்று அர்த்தமில்லை. மயிலும் பச்சைக்கிளியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. மிஞ்சுவது பெரும்பாலும் எலிதான். வயல் எலிக்கு டெல்டா விவசாயிகள் மூங்கில் கிட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதற்குக் குறி பார்க்கத் தேவையில்லை, சத்தமும் பெரிதாக இல்லை. துப்பாக்கிக்கு மிச்சமிருப்பது நெல் கிடங்கும் கோழிக் கொட்டகையும். அங்கே தூரம் 10, 15 மீட்டர்; பின்னால் தகரச் சுவர், கீழே சிமென்ட் தரை. ஈயக் குண்டு தெறித்துத் திரும்பும் இடம். அங்கே 16 ஜூலே அதிகம். எலிக்குப் பின்னால் ஒரு மணல் மூட்டையையோ கனத்த பலகையையோ நிறுத்தாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது.