வளவுக்குப் போகாத படக்கதை

தலித் வாழ்வைச் சொல்லும் படக்கதை ஒன்று வெளிவந்தால் போதும், நம்மவர்களிடமிருந்தே இரண்டு முணுமுணுப்புகள் கிளம்பிவிடுகின்றன. "சாதிக் கொடுமையைப் பொம்மை போட்டா சொல்வது?" என்பது ஒன்று. "எழுதியவரே பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறாரே, இதென்ன சுயவிளம்பரம்?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறோம். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் படித்துக்கொண்டே இயக்க வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறோம். அடுத்த படக்கதையை எழுதப்போவதும் வரையப்போவதும் சுமக்கப்போவதும் நீங்கள்தான்.

முதலில் அந்தச் சுயவிளம்பரக் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம்.

1920 சனவரியில் பாபாசாகேப் அம்பேத்கர் 'மூக்நாயக்' ஏட்டைத் தொடங்கினார். அது வெளிவருகிறது என்ற விளம்பரத்தைத் திலகரின் 'கேசரி' போட மறுத்தது. இலவசமாகப் போடச் சொல்லவில்லை, காசு தருகிறோம் என்றுதான் கேட்டார்கள். அப்படியும் மறுத்தார்கள். நம் எழுத்து நாலு பேர் கண்ணில் படுவதையே சாதி தடுத்த வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது.

1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் தலைமையுரை ஆற்ற அவரை அழைத்தது. உரையைப் பார்த்துப் பயந்து மாநாட்டையே ரத்து செய்தது. அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அடித்தார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன. அதுதான் 'சாதி ஒழிப்பு'. எட்டணா விலை வைத்திருக்கிறாரே, இரண்டணா வைத்திருக்கலாம், நாலணாவாவது வைத்திருக்கலாம் என்று காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் எழுதினார். மேடையைப் பறித்தவர்களின் உலகம் கடைசியில் விலைக்கும் கணக்குப் பார்த்தது! அந்த உரையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது எது? நம் ஈரோட்டில் பிறந்த 'குடிஅரசு'. தன் நூலைத் தானே அச்சிட்டு, தானே விலை வைத்து, தானே பரப்பிய பாபாசாகேபைச் சுயவிளம்பரக்காரர் என்று சொல்ல நம்மில் யாருக்காவது வாய் வருமா?

எதிரிக்கு இந்தக் கூச்சம் கிடையாது. 2014 டிசம்பரில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலைத் திருச்செங்கோட்டில் கொளுத்தினார்கள். கொளுத்தியதோடு நிற்கவில்லை. தங்களுக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊர் மக்களிடமும் கோயிலுக்கு வந்தவர்களிடமும் விநியோகித்தார்கள். ஒரு புத்தகத்தை ஒழிக்க அவர்கள் கைக்குக் கை கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ஒரு புத்தகத்தை வாழவைக்க நாம் கொடிசியா அரங்கில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தால் போதுமா?

அடுத்தது அந்தப் 'பொம்மை'.

படத்தின் வலிமை என்ன என்பதைக் கொங்கு மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 சூன் 23 அன்று கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. வழக்கின் முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். கோயில் கேமராவில் பதிவான படம் பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை தனி நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 சூனில் யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்டதையும் கேமரா பார்த்தது, நாடே பார்த்தது. ஆனால் அந்தக் கேமரா வெட்டிய கைகளை மட்டும்தான் காட்டியது. அந்தக் கைகளுக்குத் துணிச்சல் கொடுத்த ஊரைக் காட்டவில்லை. கட்டணம் கட்ட அலைந்த மாணவனை, பேருந்தில் சிரித்துப் பேசிக்கொண்டு போன இளசுகளை அதனால் காட்ட முடியாது. 2019 டிசம்பர் 2 விடியலில் மேட்டுப்பாளையம் நடூரில் தீண்டாமைச் சுவர் இடிந்து விழுந்து 17 பேர் மாண்டார்கள். இடிபாட்டைப் படம்பிடிக்க எல்லாத் தொலைக்காட்சியும் வந்தது. அந்தச் சுவரின் நிழலில் அந்தக் குடும்பங்கள் அதுவரை எப்படிச் சமைத்தன, எப்படித் தூங்கின என்பதை யார் வரைவது? கேமரா போகாத அந்த இடத்துக்குப் போவதுதான் படக்கதைக்காரரின் வேலை.

முன்னுதாரணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணம்' தமிழிலும் கிடைக்கிறது. துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் பாபாசாகேபின் தீண்டாமை அனுபவங்களை வரைந்தார்கள். மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று சொல்லிப் பக்கத்தையே திறந்துவிட்டார்கள். அன்பாகப் பேசுகிறவரின் சொல் பறவை வடிவத்தில் இருக்கும். சாதி பேசுகிறவரின் சொல்லுக்குத் தேள்கொடுக்கு இருக்கும். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்களே, அந்தப் பேச்சை அந்தக் கொடுக்கோடு வரைந்து பாருங்கள். பத்துப் பக்கக் கட்டுரை வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

இங்கே வரைந்தவர்கள் யாரும் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அண்ணன்மார் கதையை, அதாவது பொன்னர்-சங்கர் கதையை, கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கம் தங்கி ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் அது 26 பகுதி அசைபடமாகவும் படக்கதைப் புத்தகங்களாகவும் வந்தது. உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையில் அண்ணன்மாருக்குப் பின்னால் ஏவல் செய்து, அவர்களுக்காகச் சண்டை போடுகிறானே சாம்புவன், அவன் நம்மாள். கதை நிலம் உடையவர்களுடையது, அவனுக்கு அதில் ஓரத்து இடம்தான். சாம்புவன் தன் வாயால் சொன்னால் அந்தக் கதை எப்படி இருக்கும்? அதை எழுத வேண்டியவர் கனடாவிலிருந்து வரமாட்டார்.

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வந்தன. அவற்றைப் படித்த தலைமுறைக்கு லண்டன் தெருவும் டெக்சாஸ் பாலைவனமும் மனப்பாடம். பக்கத்து வளவு தெரியாது. 'பொம்மைப் புத்தகம்' என்று இளக்காரம் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எப்படிக் கொண்டுபோவது? அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் கற்றுக்கொள்ளலாம். மாண்ட்காமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி 1957இல் 10 சென்ட் விலையில் ஒரு காமிக்ஸ் வந்தது. பத்திரிகைக் கடைகளை நம்பாமல் தேவாலயங்கள், பள்ளிகள், சங்கங்கள் வழியாகவே பரப்பினார்கள். அதைப் படித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். 1965இல் செல்மா பாலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர். நாடாளுமன்ற உறுப்பினரான பிறகு தன் போராட்டத்தை 'மார்ச்' என்ற மூன்று பாகப் படக்கதையாக ஆண்ட்ரூ அய்டினோடு சேர்ந்து எழுதினார், நேட் பவல் வரைந்தார். 2015இல், 75 வயதில், சான் டியாகோ காமிக்ஸ் திருவிழாவுக்குப் போனார். செல்மாவில் போட்டிருந்தது போன்ற கோட்டும் முதுகுப்பையும் மாட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரங்குக்குள் ஊர்வலம் போனார். புத்தகத்துக்கு விளம்பரம்தான். போராட்ட வகுப்பும் அதுவேதான். அடுத்த ஆண்டு மூன்றாம் பாகம் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை வாங்கியது.

நமக்கும் வழிகள் இருக்கின்றன. ஏப்ரல் 14, டிசம்பர் 6 கூட்டங்களில் மாலைக்குச் செலவழிப்பதில் பாதியைப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு பிரதியைப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து படியுங்கள். பக்கங்களைப் பெரிதாக்கி வளவு மந்தையில் கட்டித் தொங்கவிடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத ஆத்தா அப்புச்சியும் படத்தைப் பார்த்துக் கதையைச் சொல்வார்கள், நீங்கள் எழுதாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்வார்கள். பதிப்பாளரிடம் சண்டை போட்டாவது கறுப்பு வெள்ளையில் மலிவுப் பதிப்பு கேளுங்கள். பனியன் கம்பெனித் தொழிலாளியின் ஒரு நாள் கூலியை விழுங்கும் விலையில் அவர் கதையை அவருக்கே விற்பது நியாயமில்லை.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு சொல். கொல்லப்பட்டவர்களை வரையும் முன் அந்தக் குடும்பத்தின் வாசலுக்குப் போய் அனுமதி கேளுங்கள். அட்டையில் பிணத்தைப் போட்டு விற்காதீர்கள். ஆதிக்க சாதிப் பெரியவர் ஒருவர் முன்னுரை தந்தால்தான் புத்தகத்துக்கு மதிப்பு என்ற எண்ணத்தை விடுங்கள். நம் சனங்கள் அடிவாங்குவதை மட்டுமே வரையாமல், பறையடித்து ஆடுவதையும், காதலிப்பதையும், கலெக்டர் அலுவலக வாசலில் நின்று சட்டம் பேசுவதையும் வரையுங்கள்.

வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தி முதல் பிரதி கைமாறிய அன்றே புத்தகம் வெளிவந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வளவில் ஒரு பிள்ளை அதைப் புரட்டி, "இது எங்க தெருவுங்க" என்று சொல்கிற நாள்தான் அதன் வெளியீட்டு நாள். எழுதியவர் பையோடு உங்கள் ஊருக்கு வந்தால் சுயவிளம்பரம் என்று சிரிக்காதீர்கள். பையின் இன்னொரு காதைப் பிடியுங்கள்.

ஜெய்பீம்.