ஓட்டைப் பார்த்து எடை போடலாமா?

விலங்கியல் பாடத்தில் எந்தப் பகுதி கசக்கிறது என்று மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் வகைப்பாடு என்றே சொல்வார்கள். தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று வாய்ப்பாடு போல ஒப்பித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். யாரோ என்றோ முடித்து வைத்துவிட்ட வேலை அது என்று நமக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து. சாட்சிக்கு ஐரோப்பிய ஆறுகளில் வாழும் மட்டிகளை அழைக்கிறேன்.

1758-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இந்த மட்டிகள் சிலவற்றுக்கு இரட்டைப் பெயர் சூட்டினார். அவர் பார்த்தது ஓட்டைத்தான். முத்து மட்டியையும் ஓவியர் மட்டியையும் 'மையா' என்னும் பேரினத்தில் சேர்த்தார். குளத்தில் வாழும் அன்ன மட்டியை 'மைடிலஸ்' என்னும் பேரினத்தில் வைத்தார். இரண்டிலும் கடற்சிப்பிகள் குடியிருந்தன! இன்றோ இம்மூன்றும் மார்கரிடிஃபெரா, யூனியோ, அனடோன்டா என்னும் மூன்று தனிப் பேரினங்களில் இருக்கின்றன. (ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் கிண்ணமாக ஓட்டைப் பயன்படுத்தியதால்தான் 'ஓவியர் மட்டி' என்ற பெயர்.)

ஓடு நம்மை ஏமாற்றக் கூடியது. ஒரே வகை மட்டி, இழுப்புள்ள ஆற்றில் ஒரு வடிவிலும், அசையாத சேற்றுக் குளத்தில் வேறொரு வடிவிலும் வளரும். இது தெரியாமல், ஓட்டின் வளைவு சற்று மாறினாலே புதுப் பெயர் வைத்தவர்கள் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பூர்கின்யா இவர்களுக்குத் தலைவர் எனலாம். அவரும் அவரைப் பின்பற்றியோரும் அனடோன்டா என்ற ஒரே பேரினத்தில் நூற்றுக்கணக்கான சிற்றினங்களைப் படைத்துவிட்டார்கள். உண்மையில் அந்நாட்டில் இயல்பாக வாழும் அனடோன்டாக்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவையே.

பின்னால் வந்தவர்கள் துடைப்பத்தை எடுத்தார்கள். ஜெர்மானிய அறிஞர் ஃப்ரிட்ஸ் ஹாஸ் 1969-இல் வெளியிட்ட பெருநூலில், குவிந்து கிடந்த பெயர்களைச் சில சிற்றினங்களாகச் சுருக்கினார். எல்லோருக்கும் நிம்மதி! 'யூனியோ கிராசஸ்' என்னும் தடித்த ஓட்டு மட்டி, ஐரோப்பாவிலிருந்து மேற்காசியா வரை பரவிய ஒரே சிற்றினமாகக் கருதப்பட்டது.

பூர்கின்யாவைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

2024-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தத் தடித்த ஓட்டு மட்டியை 182 இடங்களிலிருந்து சேகரித்து, 815 மட்டிகளின் மரபுப் பொருளை ஒப்பிட்டார்கள். ஒன்று என்று நினைத்திருந்தது 12 சிற்றினங்களின் கூட்டம் என்று தெரிய வந்தது! ஓடுகளின் வடிவையும் அளந்து பார்த்தார்கள். ஒன்றின் வடிவம் மற்றொன்றின் வடிவத்தோடு பெரிதும் கலந்து நின்றது. கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். பன்னிரண்டில் இரண்டு, பூர்கின்யா 1850-களில் பெயரிட்டவை. மற்றொன்று லாமார்க் 1819-இல் பெயரிட்டது. நம் நாட்டுக் குளத்து மட்டிக்கு முதலில் 'யூனியோ மார்ஜினாலிஸ்' என்று பெயர் சூட்டியவரும் அதே லாமார்க்தான், அதே ஆண்டில்தான். இன்று அது லாமெல்லிடென்ஸ் என்னும் பேரினத்தில் இருக்கிறது.

ஒன்றோ பன்னிரண்டோ, மட்டிக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மட்டியின் குழந்தைப் பருவத்தைப் பார்க்க வேண்டும். 1797-இல் ராத்கே என்பவர் மட்டியின் செவுளில் நுண்ணிய உயிர்களைக் கண்டார். மட்டியைத் தின்னும் ஒட்டுண்ணிகள் என்று கருதி 'குளோகிடியம்' என்று பெயரிட்டார். அவை அந்த மட்டியின் சொந்தக் குஞ்சுகள்! ஒட்டுண்ணி என்றது பாதி உண்மைதான். ஒட்டுவது தாயிடம் அல்ல, மீனிடம். தண்ணீரில் விடப்பட்ட குஞ்சு மீனின் செவுளையோ துடுப்பையோ பற்றிக்கொண்டு வளர்ந்து, பின்பு ஆற்றின் அடியில் விழுந்து தனி வாழ்வு தொடங்குகிறது. எந்த மீனாக இருந்தாலும் போதும் என்பதில்லை. நூறாண்டுக்கு மேல் வாழக் கூடிய முத்து மட்டிக்கு, ஐரோப்பிய ஆறுகளில் அட்லாண்டிக் சால்மனோ பழுப்பு டிரௌட் மீனோ வேண்டும். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் தென்பகுதி ஓடைகள் கோடையில் வற்றிக் குட்டைகளாகிவிடும். அங்கே வாழும் 'யூனியோ டுமிடிஃபார்மிஸ்' அவ்வோடைகளின் சிறு மீன்களை நம்பியிருக்கிறது. நெடுங்காலம் இதையும் தடித்த ஓட்டு மட்டி என்றே எண்ணியிருந்தார்கள்.

கண்டம் முழுவதும் பரவிய ஒரு மட்டி ஓர் ஓடையில் அழிந்தால், 'வேறு எங்கோ இருக்கிறதே' என்று ஆறுதல் கொள்ளலாம். அந்த ஓடைப் பகுதிக்கே உரிய மட்டி என்றால் அந்த ஆறுதல் கிடையாது. வேறோர் ஆற்றிலிருந்து மட்டிகளைக் கொண்டு வந்து விட்டு ஈடு செய்யவும் முடியாது. ஐரோப்பிய நாடுகள் 1992-இல் செய்த வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் எழுதப்பட்ட பெயர் யூனியோ கிராசஸ். பிரித்தெடுத்த மட்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பு எப்படிப் பொருந்தும் என்பது இனி வழக்கறிஞர்களின் தலைவலியும்கூட!

மரபுப் பொருள் ஆய்வு வந்துவிட்டதால் பழைய ஓடுகளுக்கு வேலையில்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒப்ப மாட்டேன். எந்த ஆற்றில் எடுத்தது என்று அன்றே எழுதி வைத்திருந்ததால்தான், குப்பையில் போட்ட பெயர்களைத் தேடி எடுத்து உரிய மட்டிக்குத் திருப்பிச் சூட்ட முடிந்தது. பூர்கின்யா பெயர் வைப்பதில் அளவு கடந்தார். ஆனால் இடத்தைக் குறித்து வைத்தார்.

பள்ளி அலமாரிகளில் 'மட்டி' என்று மட்டும் சீட்டு ஒட்டிய ஓடுகளைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சேகரிக்கும்போது ஆற்றின் பெயர், ஊர், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி ஓட்டுக்குள்ளேயே வையுங்கள். மைப் பேனா வேண்டாம். ஈரம் பட்டால் கலைந்துவிடும்.