ஜனாதிபதித் தேர்தலும் பெரிய ராஜ்யங்களின் பங்கும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில் ஒரு வாக்கேனும் மிகுதியாகப் பெற்றவருக்கு அதன் 54 தேர்வாளர்களும் மொத்தமாகச் சேர்ந்துவிடுவதை வியப்போடு பேசும் நம்மவர்கள், நமது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் உத்தரப் பிரதேசத்துக்குள்ள ஸ்தானத்தைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. ஆகவே, மைசூரு அக்ரஹாரத்துத் தமிழர்களாகிய நாங்கள் எங்கள் சங்கத்தின் அபிப்பிராயத்தை இங்கே பகிரங்கமாகத் தெரிவிக்கிறோம்.

அரசியல் சாசனத்தின் 55-ஆவது பிரிவு, ராஜ்யத்தின் ஜனத்தொகையைச் சட்டசபை அங்கத்தினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுத்து, ஒவ்வோர் அங்கத்தினரின் வாக்குக்கும் மதிப்பை நிர்ணயிக்கிறது. அதன்படி உத்தரப் பிரதேச அங்கத்தினரின் வாக்குக்கு 208, தமிழ்நாட்டவருக்கு 176, நம் கர்நாடகத்தவருக்கு 131, சிக்கிமுக்கு 7. பெரிய ராஜ்யம் பெரிய பங்கைப் பெறுவதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. ஏனெனில் இங்கே ஒவ்வோர் அங்கத்தினரும் ரகசியமாகத் தம் வாக்கை அளிப்பதால், ஒரு ராஜ்யம் முழுவதும் ஒருவர் பக்கமே சாயவேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. வாக்குகள் அவ்வாறு பிரிந்ததால், மைசூரின் கவர்னராக இருந்த வி. வி. கிரி 1969-இல் இரண்டாவது விருப்ப வாக்குகளையும் எண்ணிய பின்னரே ஜனாதிபதியானார் என்பதை இங்குள்ள முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் கவலையெல்லாம் அடிப்படைக் கணக்கைப் பற்றியது. 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம் இம்மதிப்புகளை 1971-ஆம் வருஷத்து ஜனத்தொகையில் நிறுத்தி வைத்தது. 84-ஆவது திருத்தம் அதை நீட்டித்தது. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கு வெளியானதும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். 1971-இல் தமிழ்நாட்டைப்போல் இரு மடங்காயிருந்த உத்தரப் பிரதேசத்து ஜனத்தொகை, 2011-இல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகியிருந்தது. 1930-லேயே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கர்ப்பத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறக்க உத்தரவிட்ட சமஸ்தானம் நம் மைசூர். தேசம் வேண்டிக்கொண்ட குடும்பக் கட்டுப்பாட்டை முன்னின்று அனுசரித்த ராஜ்யங்கள், அதன் காரணமாகவே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் தம் பங்கை இழப்பது அநீதி என்பது எங்கள் திடமான கருத்து.

பிரஜைகள் அனைவரும் சமம் என்ற எதிர்வாதம் கௌரவத்துக்குரியது. ஆனால் ஜனாதிபதி ராஜ்யங்களின் சம்மேளனத்துக்கும் தலைவர். 55-ஆவது பிரிவே ராஜ்யங்களின் பிரதிநிதித்துவத்தில் ஒரே அளவுகோலைக் கோருகிறது. தண்டனையாக மாறும் அளவுகோல் அந்த நோக்கத்துக்கு விரோதமானது.

ஆகவே, ஜனத்தொகைப்படி லோக்சபைத் தொகுதிகளை மறுபங்கீடு செய்யும் விஷயம் எவ்வாறு முடியினும், ஜனாதிபதித் தேர்தலுக்கு 1971-ஆம் வருஷத்துக் கணக்கே நீடிக்கும்படி சாசனத்தைத் திருத்தவேண்டும். இப்பிரிவைத் திருத்தப் பாதிக்குக் குறையாத ராஜ்யங்களின் சட்டசபைகள் சம்மதிக்கவேண்டும் என்பதால், கர்நாடகச் சட்டசபை அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றி இதற்கு முதலில் குரல் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.