சதுரங்கமும் சபையும்

சதுரங்கம் பாரத தேசத்திலே பிறந்தது என்று மார்தட்டிக்கொள்வதில் நமக்குச் சலிப்பு ஏற்படுவதே கிடையாது. பாட்டனார் யானை கட்டி வாழ்ந்தாராம். பேரன் சங்கிலியைக் காட்டிக்கொண்டு திரிந்தானாம். போன யானை திரும்பி வந்தது எப்படி என்பதே நாம் இந்த வாரம் சிந்திக்க விரும்பும் விஷயம். அதற்கு இருவருடைய சரித்திரத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும்.

முதலாமவர் மீர் சுல்தான் கான். பஞ்சாபில், இன்று பாகிஸ்தானத்தைச் சேர்ந்த மிட்டா திவானா என்ற கிராமத்துக்காரர். தகப்பனாரிடம் நாட்டுமுறை ஆட்டம் கற்றவர். அந்த முறையில் காலாள் முதல் நடையில் இரண்டு கட்டம் தாண்டுவதற்கில்லை. மேனாட்டு விதிகளை வாலிபப் பிராயத்தில்தான் பயின்றார். ஸர் உமர் ஹயாத் கான் என்ற பிரபு 1929-ஆம் வருஷம் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அவ்வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் அவர் வசமாயிற்று. 1932-லும் 1933-லும் மறுபடியும் அதையே வென்றார். இடையே 1930-31 ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில், முன்னாள் உலக சாம்பியனான காபபிளாங்காவையே தோற்கடித்தார். நம்மை ஆண்டுகொண்டிருந்தவர்களின் பட்டம் மூன்று முறை ஓர் இந்தியனிடம் வந்ததென்றால் அது சாமான்யமா?

அப்புறம் என்ன நடந்தது? பிரபு தாய்நாடு திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். அதன் பிறகு ஐரோப்பியப் பந்தயங்களில் அவர் பெயரைக் காணோம். 1966-ல் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டம் 58 வருஷம் கழித்து, 2024-ல்தான் வந்தது. வித்தையில் குறைவில்லை. ஆனால் அவ்வளவும் ஒரு பிரபுவின் பிரயாணத்தைப் பொறுத்திருந்தது.

இரண்டாமவர் மானுவல் ஆரோன். பர்மாவிலே பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1962-ல் ஸ்டாக்ஹோமில் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மனையும் வென்றார். 1959-க்கும் 1981-க்கும் இடையே ஒன்பது முறை தேசிய சாம்பியன். இத்தனைக்கும் மேலாக நாம் மதிப்பது வேறொரு காரியம். 1972-ல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகத்தை அவர் ஏற்படுத்தினார். 1960-ல் உலக சாம்பியனான மிகயீல் தாலின் பெயர் அதற்கு இடப்பட்டது.

அங்கே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஜயித்தவர் பலகையை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடவேண்டும். ஆறாம் வயதில் தாயார் சுசீலாவிடம் ஆட்டம் கற்ற ஒரு பையன் அந்த வரிசையிலே நின்றான். வயதிலே மூத்தவர்களுடன் மோதிப் பழகினான். அவரே விசுவநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2000-ல் உலக சாம்பியன். மறுபடியும் 2007 முதல் 2013 வரை அந்தப் பட்டம் அவரிடமே இருந்தது. பின்னர், தாம் பெற்றதை இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் ஒருவரான குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். சுல்தான் கானுக்கு வாய்க்காத சபை ஆனந்துக்கு வாய்த்தது. அதன் பலனைக் குகேஷும் அனுபவிக்கிறார்.

இதிலே கல்லங்குறிச்சி போன்ற ஊர்களுக்கு என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். இங்கே கரித்துண்டால் தரையில் கோடிழுத்து ஆடு புலி ஆடும் சிறுவர்களைப் பார்த்திருக்கிறோம். பதினைந்து ஆடுகளைக் கொண்டு மூன்று புலிகளை அசையாமல் கட்டிவிடுகிற புத்திக்கு ராஜாவைக் கட்டுவது பெரிய காரியமல்ல. ஆனால் அந்தப் புத்தி வளர வேண்டுமென்றால் குடும்பத்தோடு சென்னைக்குக் குடியேற வேண்டும் என்ற நிலைமை இருக்கிறதே, அதுதான் நம்மை உறுத்துகிறது. எத்தனை தகப்பனார்களால் அது முடியும்?

மாளிகை எதுவும் வேண்டாம். நூல்நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஓர் அறை, நாலு பலகை, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் — இவ்வளவு போதும். தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போகும் வழக்கமும் அவசியம் இருக்கட்டும். பெண் குழந்தைகளையும் அனுப்புங்கள். 2024-ல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னையின் வைஷாலியும் இருந்தார் என்பதைத் தாய்மார்கள் மறக்கவேண்டாம்.