ங திரும்பி நின்ற வருடம்

டிசம்பர் கடைசி வாரம் எனக்குக் கணக்குப் பார்க்கிற வாரம். மேலே பிள்ளைகளும் அவரும் படம் பார்க்கிறார்கள். நான் கீழே பேஸ்மன்டில், ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய ரசீதுகளோடு உட்கார்ந்திருக்கிறேன். எந்தச் சந்தையில் எத்தனை படம் விற்றது, மேசை வாடகை எவ்வளவு, மை எவ்வளவு, தாள் எவ்வளவு. ஆனால் இந்த வருடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் காசு முதலில் ஞாபகம் வரவில்லை. ஒரு எழுத்துத்தான் வருகிறது.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக: நான் லினோ அச்சுப் படம் செய்கிறவள். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியில் இறுக்கிய விரிப்புத்தான் லினோ. அதை உளியால் செதுக்கி, மை உருட்டி, மேலே தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பேன். ஒவ்வொரு படமும் கையால்தான். ரொறன்ரோ ஜனவரியில் லினோ கல் மாதிரி இறுகிவிடும். ஹீற்றருக்கு மேலே பத்து நிமிடம் வைத்தால்தான் உளி இறங்கும். எழுத்தைச் செதுக்குகிறவர் எதையும் திருப்பித்தான் செதுக்க வேண்டும். கண்ணாடியில் தெரிகிற மாதிரிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும்.

போன வருட முடிவில் ஒரு மெய்யெழுத்துப் படம் செய்தேன். க முதல் ன வரை 18 எழுத்துகள், 12 அங்குல அகலம், 18 அங்குல உயரம், கறுப்பு மை. பிள்ளைகளின் அறைச் சுவரில் மாட்டுவதற்கு. 40 பிரதிகள் எடுத்து, பென்சிலால் எண் போட்டு, கையெழுத்தும் வைத்தேன். விலை 45 டொலர். எங்களுக்கு ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் அல்லவா, பொங்கல் நிகழ்வுகளில் நன்றாகப் போனது. மூன்று வார இறுதிகளில் 23 படங்கள்.

மூன்றாவது வார இறுதி, ஸ்காபுரோவில் ஒரு மண்டபம். எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை மேசைக்கு முன்னால் நின்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“அன்ரி, இந்த ங மற்றப் பக்கம் பாக்குது.”

தாய் உடனே, “சும்மா இரும்மா, அன்ரிக்குத் தெரியாதே?” என்றா.

நான் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. ங கண்ணாடிக்குள் நிற்கிற மாதிரி இடம் வலம் மாறி நின்றது. அந்த நேரம் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “அது ஒரு ஸ்டைல், செல்லம்.”

அவள் மறுத்துப் பேசவில்லை. விரலால் காற்றில் ஒரு ங எழுதிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். நான் மிச்சம் இருந்த படங்களை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, கோலப் படங்களை மட்டும் விற்றேன்.

எப்படி நடந்தது என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். வழக்கமாக மெல்லிய தாளில் நேராக எழுதி, அதைக் குப்புறப் போட்டுத் தேய்ப்பேன். எழுத்து தானாகவே திரும்பி லினோவில் பதியும். அன்றைக்கு ங மட்டும் கை பட்டு அழிந்துபோயிருக்க வேண்டும். பேனையால் நேரடியாக லினோவில் எழுதியிருக்கிறேன், பழக்கத்தில் நேராகவே. க என்றால் கண் கண்டுபிடித்திருக்கும். ம, ல, ர எல்லாம் நாளும் பார்க்கிற முகங்கள். ங என்பது புள்ளி வைத்து க-வுக்கு முன்னால் நிற்பதோடு சரி, தனியாக எங்கே வருகிறது? ஔவையார் ஆத்திசூடியில் இந்த எழுத்துக்கும் ஒரு வரி கொடுத்து, வளையச் சொல்லியிருக்கிறார். என்னுடையதும் வளைந்துதான் இருந்தது, மற்றப் பக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மார்கழி முழுக்க நான் மற்றவர்களைப் பற்றிப் புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். பொங்கல் போஸ்டர்களை இப்போது கொம்பியூட்டரே வரைந்து கொடுக்கிறது. அழகான பானை, அழகான கரும்பு, நடுவில் தமிழ் எழுத்து மாதிரி ஏதோ ஒன்று, வாசித்தால் ஒரு சொல்லும் இல்லை. “ஒருத்தரும் வாசிச்சுப் பாக்கிறேல்லையோ?” என்று இவரிடம் கத்தினேன். அதே கிழமையில்தான் என் கையால் செதுக்கிய பிழையில் 23 பிரதிகள் வீடுகளுக்குப் போயின. வாங்கிய 23 பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான், இங்கே வளர்ந்து, தமிழைப் பேசி, தட்டுத்தடுமாறி வாசித்து, பிள்ளைக்காவது ஒழுங்காக வரட்டும் என்று சுவரில் மாட்டுகிறவர்கள். நான் ஏழு வயதில் வந்தவள். தமிழை இரண்டாம் வகுப்போடு விட்டு, முப்பது வயதில் திரும்பப் பிடித்தேன். கையெழுத்து வைத்து விற்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று ஒரு மாதம் உளியைத் தொடவில்லை.

பெப்ரவரியில் தொடர்பு இருந்தவர்களுக்கு எழுதினேன். எட்டுப் பேர் கையில் காசு தந்தவர்கள், அவர்களைத் தேட வழியில்லை. (இதை வாசிக்கிறவர்களில் யாராவது இருந்தால் எழுதுங்கள், மாற்றித் தருவேன்.) மற்ற 15 பேருக்கும் பிழையைச் சொல்லி, சரியான படம் அனுப்புவதாகச் சொன்னேன். ஆறு பேர் மாற்றிக்கொண்டார்கள். ஏழு பேர் இதுவே இருக்கட்டும், பிழையுள்ளது அபூர்வம் என்றார்கள். இரண்டு பேர் பதில் போடவில்லை. மாற்றிக்கொண்ட ஆறு பேரில் ஒரு தாய் எழுதியது இன்னும் போனில் இருக்கிறது. மகனுக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் தான் பழக வேண்டும் என்று, என் படத்தைப் பார்த்து ஒவ்வொரு இரவும் எழுதிப் பார்த்தாராம். ங-வையும் அப்படியேதான் எழுதினாராம். கோபமாக எழுதவில்லை, சிரிப்புப் பொம்மை கூடப் போட்டிருந்தார். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

லினோவில் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது: பிழையான எழுத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதே அளவில் புதுத் துண்டைப் பொருத்தி, திரும்பச் செதுக்குவது. அப்படித்தான் செய்தேன். பொருத்திய இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுகிறது. அதனால் இரண்டாம் பதிப்பில் ங மட்டும் ஒரு மெல்லிய சட்டத்துக்குள் நிற்கும். மறைக்க முயற்சிக்கவில்லை. பழைய பதிப்பில் விற்காத 17-இல் 16-ஐக் கிழித்துவிட்டேன், ஒன்றை வைத்துக்கொண்டேன்.

அந்த ஒன்று மே மாதம் உதவியது. ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பயிலரங்கு நடத்தக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் மூன்றாவது வரிசையில் அவள்! அதே பிள்ளை. கொண்டுபோன படத்தைப் பலகையில் தொங்கவிட்டு, “இதில ஒரு பிழை இருக்கு, கண்டுபிடியுங்கோ” என்றேன். அவள் கையைத் தூக்கவே இல்லை.

“உமக்குத் தெரியும்தானே?” என்று கேட்டேன்.

“அது ஸ்டைல் எண்டு சொன்னீங்கள்.”

“பொய் சொன்னனான். வெக்கமா இருந்தது. நீர்தான் சரி.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள், ஒரு ரீச்சர் மாதிரி. அதற்குப் பிறகு 40 நிமிடம் பிள்ளைகள் தங்கள் பெயரைத் திருப்பி எழுதப் பழகினார்கள். வீட்டில் எழுத்துப் பழக்க நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஒருக்கால் இதைச் செய்து பாருங்கள்: பெயரைத் திருப்பி எழுதச் சொல்லி, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுங்கள். எழுத்தை இவ்வளவு உற்றுப் பார்க்கிற பிள்ளைகளை நான் வேறெங்கும் காணவில்லை.

சரி, கணக்கு. சந்தைகளில் விற்றது 9,860 டொலர். ஆறு பயிலரங்குகள், 2,400. செலவு 4,215. கையில் நின்றது 8,045, மாதம் ஏறக்குறைய 670. 30,000 டொலருக்கு மேல் விற்றால் விற்பனை வரிக்குப் பதிய வேண்டும். அந்தக் கவலையை எனக்குக் கடவுள் இன்னும் தரவில்லை. வீட்டுக் கடனை அவருடைய சம்பளம் கட்டுகிறது. இதைச் சொல்லாமல் ‘சுதந்திரக் கலைஞர்’ என்று என்னை அழைத்துக்கொண்டால் அதுவும் ஒரு ஸ்டைல்தான். டிசைன் வேலையை விட்டு மூன்று வருடம். அம்மா நத்தாருக்கு வந்தபோதும் கேட்டா: “உனக்கு அந்த வேலையில என்ன குறை? மாதம் முடியச் சம்பளம் வந்ததுதானே.” குறை ஒன்றும் இல்லை, அம்மா. அதுதான் எனக்கும் பதில் சொல்லக் கஷ்டம்.

ஆறு பயிலரங்குகளில் நாலு ஜனவரியில். மற்ற 11 மாதமும் நாங்கள் தமிழர் இல்லையோ என்று கேட்கத் தோன்றுகிறது. ஜனவரியில் இன்னும் ஐந்து அழைப்பு வந்தது, காசில்லாமல். “உங்களுக்கும் விளம்பரம்தானே, தங்கச்சி.” மண்டபத்துக்கும் ஒலிவாங்கிக்கும் கொத்துரொட்டிக்கும் காசு கொடுக்கிறவர்கள் படம் வரைகிறவளுக்கு மட்டும் விளம்பரம் கொடுக்கிறார்கள். வருகிற ஜனவரியில் இலவசமாக ஒன்றே ஒன்று, அது அந்தச் சனிக்கிழமைப் பள்ளிக்கு.

2026-இல் செய்ய நினைப்பது ஒரு சின்னப் புத்தகம், 12 பக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா எழுதிய நீலக் கடிதங்கள் அம்மாவிடம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. ஒவ்வொன்றும் ‘அன்புள்ள பிள்ளை’ என்று தொடங்கும். ஆனால் அம்மம்மாவின் ளை இப்போது நாங்கள் எழுதுகிற ளை இல்லை. ள-வின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி. ணை, லை, ளை, னை நாலுக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1978-இல் அரசாணை போட்டு அந்த வடிவங்களை மாற்றினார்கள், பிறகு அச்சிலும் பாடப் புத்தகத்திலும் மெல்ல மெல்ல மறைந்துவிட்டன. அம்மம்மா கடைசிவரை மாற்றவில்லை. சின்ன வயதில் அது எழுத்து என்றே எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளைக்காக ஒரு நத்தையைக் கீறி அனுப்புகிறா என்று நினைத்தேன்.

அந்த வடிவங்களுக்குக் கொம்பியூட்டரில் தனிக் குறியீடு இல்லை. அதற்கென்று செய்த எழுத்துரு இருந்தால்தான் வரும், என் போனில் வராது. செதுக்கினால் வரும். கடிதங்களிலிருந்து 12 சொற்களை எடுத்து, அம்மம்மாவின் கையெழுத்திலேயே செதுக்கப் போகிறேன்.

பிழை பார்க்க இம்முறை ஆள் வைத்திருக்கிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர். மற்றவர் இப்போது ஒன்பது வயதாகிறவர், தாயின் சம்மதத்தோடு, சம்பளம் ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதி. ஜூன் முடிவுக்குள் 150 பேர் முன்பதிவு செய்தால் புத்தகம் வரும், நானும் இதிலேயே இருப்பேன். வராவிட்டால் செப்டெம்பரில் வேலை தேடுவேன் என்று அவரிடமும் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். அம்மா “சரி” என்றா. எந்தப் பக்கத்துக்குச் சரி என்று கேட்கவில்லை.

நேற்று இரவு முதல் சொல்லைத் தொடங்கினேன். பிள்ளை. லினோவை ஹீற்றரில் வைத்து எடுத்து, தும்பிக்கையில் உளியை வைக்கும்போது மகள் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கி வந்தாள். குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். பிடித்துக்கொண்டு நின்றாள், நான் செதுக்கச் செதுக்க அவள் கண்ணாடியில் வாசித்தாள்.

“அம்மா, கடைசியில இருக்கிறது என்ன, நத்தையோ?”